நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: எங்களுடையது நீடாமங்கலம் வட்டத்தில் ஒரு சிற்றூர். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைகளும் பொழுது சாய்ந்தால் மதகுக் கட்டையில் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலருக்குக் குடிப்பழக்கமும் தொற்றிவிட்டது. பொங்கலுக்கு விளையாட்டு விழா நடத்துவதைத் தவிர ஊர்ப் பெரியவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. எங்கிருந்து தொடங்கலாம், ஐயா?

பதில்: பொங்கல் விழாவைக் கைவிட வேண்டாம். ஆனால் உறியடி முடிந்து பந்தலைப் பிரித்த மறுநாள் மாலை அதே பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதற்கு ஊரிடம் பதில் இருக்க வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் திறக்கும் ஒரு கதவும், அங்கே தவறாமல் வந்து நிற்கும் ஒருவரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அந்தக் கதவு உங்கள் ஊரிலேயே இருக்கக்கூடும். 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் அமைக்கப்பட்டது. அவற்றில் பல இன்று பூட்டிக் கிடப்பதையும், சிலவற்றில் உரச்சாக்கு அடுக்கியிருப்பதையும் நேரில் பார்த்து வருந்தியிருக்கிறேன். மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிய வட்டாரம் நம்முடையது. கனகசபைப் பிள்ளை மன்னார்குடிப் பக்கத்தில் 1931-இல் அதைச் செய்தார். நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். அரங்கநாதன் பிறந்ததும் சீர்காழியில்தான். வண்டியில் போன புத்தகம் இன்று கட்டடத்துக்குள் கிடந்து செல்லரிப்பதை நாம் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் எது அடுத்து வருகிறதோ அதில், நூலகத்தைத் தினமும் மாலையில் திறக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துத் தீர்மானமாக்குங்கள்.

திருவாரூர் பக்கம் ஓர் ஊரில் இப்படித் திறந்த நூலகத்தில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை மணிக்கு, இருபது வயதிருக்கும் ஓர் இளைஞர் வயலிலிருந்து நேராக வந்து, கால் சேற்றைக் குழாயடியில் கழுவிவிட்டுப் பூட்டைத் திறந்தார். பெருக்கி இரண்டு கோரைப்பாய்களை விரித்தார். நான்கு பேர் குரூப் 4 தேர்வின் பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு வாதாடினார்கள். மூலையில் மூன்று சிறுவர்கள் அவரிடம் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். ஏழரைக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பூட்டினார். அந்தச் சாவியை ஊர் அவரிடம் ஒப்படைத்திருந்தது. என் மனத்தில் நின்றது அதுதான். பெரியவர்களின் இடுப்பில் சாவி இருக்கும்வரை பிள்ளைகள் விருந்தாளிகளாகவே வருவார்கள். நாளடைவில் வருவதையும் நிறுத்திவிடுவார்கள்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்லிவிடுகிறேன். டெல்டா ஊர்களில் எந்தத் தெருவில் கதவு திறக்கிறது என்பதைப் பொறுத்தே யார் உள்ளே வருவார்கள் என்பது தீர்மானமாகிறது. விழாக் குழுவில் ஒரே தெருக்காரர்கள் இருந்தால் மற்றத் தெருப் பிள்ளை அழைப்பிதழோடு நின்றுவிடுவான். ஆகவே பொறுப்பாளர்களை இரண்டு தெருவிலிருந்தும் முதல் நாளிலேயே எடுங்கள். குடிப்பழக்கம் தொற்றிய பிள்ளையையும் ஒதுக்காமல் ஒரு பொறுப்பைக் கொடுத்து அருகில் வைத்துக்கொண்டு, அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் கூடவே அழைத்துப் போங்கள். ஊர் நடுவில் வைத்துக் கண்டித்தால் அவன் மறுபடியும் மதகுக்கே போய்விடுவான்.

கேள்வி: பாபநாசம் வட்டத்தில் வசிக்கிறேன். ஆண்பிள்ளைகளுக்காவது மதகுக் கட்டை உண்டு. என் மகளுக்கு வீட்டைவிட்டால் போக்கிடமில்லை. அவளுக்கு என்ன வழி?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, அம்மா. ஊர் நூலகத்தில் பெண்பிள்ளைகளுக்கென மாலை நான்கரை முதல் ஆறு வரை தனி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். மகளிர் சுய உதவிக் குழுவினர் முறைவைத்து உடனிருக்கலாம். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், பல ஊர்களில் அதே தெருப் பெண்களே தன்னார்வலராக நின்றதால்தான் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பினார்கள். விளையாட்டுக்கும் இடம் கேளுங்கள். பெண்கள் கபடிக்கு 12 மீட்டருக்கு 8 மீட்டர் களம் போதும். அறுவடை முடிந்த களத்துமேட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடலாம். வீடு திரும்பும் வழியில் எரியாத தெருவிளக்கு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வையுங்கள்.

கேள்வி: ஜூன் மாதம் ஆற்றில் தண்ணீர் வந்தால் எங்கள் மயிலாடுதுறைப் பக்கத்தில் தாய்மார்களுக்கு வயிற்றில் நெருப்புதான். ஊர் இளைஞர் மன்றம் என்ன செய்யலாம்?

பதில்: நீச்சல் கற்றுக்கொடுங்கள், இளைஞர் மன்றம் செய்யக்கூடிய வேலைகளில் இதற்கு இணையாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. அதற்கு முன் பல மாதங்கள் வறண்ட ஆற்றையே பார்த்து வளரும் இன்றைய பிள்ளைகளுக்கு நீரின் இழுப்பு தெரியாது. மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. மே மாதத்திலேயே, தண்ணீர் தேங்கி நிற்கும் ஊர்க் குளத்தில், இடுப்பளவு ஆழத்தில் பயிற்சியைத் தொடங்குங்கள். வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகிய பெரியவர்கள் ஊருக்கு நான்கு பேராவது இருப்பார்கள். அவர்களை ஆசிரியராக அழையுங்கள். தண்ணீர் வருவதற்கு முன் இளைஞர்கள் ஆற்றில் இறங்கி நடந்து, பள்ளங்களுக்கு நேரே கரையில் சிவப்புத் துணி கட்டிய கம்புகளை நட வேண்டும். ஒவ்வொரு படித்துறையிலும் நீண்ட கயிற்றில் கட்டிய வெற்றுப் பிளாஸ்டிக் குடம் ஒன்று தொங்கட்டும். யாராவது தத்தளித்தால் தண்ணீரில் குதிக்காமல் முதலில் அதை வீச வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து, வீசியும் பழக்குங்கள்.