கரண்ட் போனால் சோலார் ஹீட்டர் பம்பு: பெங்களூர்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கவிதா, அல்சூர்: மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் இருக்கிறது, பக்கத்தில் ஒரு பம்பும் இருக்கிறது. அதற்கு இன்வெர்ட்டர் போடச் சொல்கிறார் கடைக்காரர். எவ்வளவு பெரியதாக வாங்குவது, அண்ணா?

வாங்குவதற்கு முன் மாடிக்கு ஏறி ஒரு தடவை பாருங்கம்மா. டேங்க் மேலே, வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் தகடோ கண்ணாடிக் குழாய்களோ அதற்குக் கீழே சாய்ந்து இருந்தால், அந்த ஹீட்டருக்குப் பம்பே தேவையில்லை. சூடான தண்ணீர் லேசாகி டேங்குக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். நீங்கள் பார்த்தது அநேகமாக ஷவருக்கான ப்ரெஷர் பம்பு. பம்பைச் சுற்றிப் போகும் பைபாஸ் லைன் இருந்தால் கரண்ட் போனாலும் தண்ணீர் மெலிசாக வரும், வாளியில் பிடித்துக்கொள்ளலாம். பெங்களூரில் பெரும்பாலான தனி வீடுகளில் இந்த வகைதான். கடைக்காரர் பேச்சைக் கேட்டுச் செலவு செய்யாதீர்கள்.

சேகர், வைட்ஃபீல்ட்: எங்கள் டேங்க் கீழே யுடிலிட்டி அறையில், தகடுகள் மாடியில். நடுவில் பம்பு. மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் பராமரிப்பு வேலை என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் கரண்ட். கெட்டுப்போகுமா?

உங்களுக்குத்தான் பேக்கப் அவசியம், சார். ராத்திரி கரண்ட் போனால் கவலையில்லை. ஆனால் பராமரிப்புக்காக நிறுத்துவது பகலில், வெயில் உச்சத்தில். பம்பு நின்றால் தகட்டில் இருக்கும் சூட்டை இறக்க ஆளில்லை. தட்டைத் தகடு 150 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம், கண்ணாடி வெற்றிடக் குழாய் 200-ஐயும் தாண்டும். பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த லைனில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவி போனபின் போர்வெல் உப்பு உள்ளே படியும். மூடிய சுற்றாக இருந்தால் அழுத்தம் ஏறி சேஃப்டி வால்வு கக்கும். ஒரு நாளில் உடைந்துவிடாது, நல்ல தகடு இதைத் தாங்கும். மாதத்துக்கு நாலு தடவை என்றால் கேஸ்கெட்டும் இன்சுலேஷனும் சீக்கிரம் போய்விடும்.

முன்கூட்டியே அறிவித்த பவர்கட் என்றால் இன்வெர்ட்டரைவிட மலிவான வழி உண்டு: காலையில் வெயில் ஏறுவதற்குள் தகடுகளை வெளிர்நிறத் தார்ப்பாயால் மூடிவிடுங்கள். தகடு சூடான பிறகு அதைத் தொடாதீர்கள்.

ரமேஷ், கே.ஆர். புரம்: கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த யூ.பி.எஸ். சும்மா கிடக்கிறது. அதையே மாட்டலாமா?

சின்ன சர்குலேஷன் பம்பு 80 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூட்டைப் பார்த்து பம்பை ஓட்டி நிறுத்தும் கன்ட்ரோலரையும், இன்வெர்ட்டரில் ஆகும் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து நூறு வாட்டுக்குக் கொஞ்சம் மேலே போகும். அந்த யூ.பி.எஸ்.ஸில் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிதான். கணக்குக்கு 84 வாட்-மணி, நிஜத்தில் அரை மணி நேரம் தாண்டாது. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைச் செலவழித்தாலே 900 வாட்-மணி. பம்பு மட்டும் என்றால் எட்டு மணி நேரம் ஓடும். இரண்டு ஃபேனும் ஓடினால் அந்தக் கணக்கு மாறும்.

வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கொயர் வேவில் பம்பு உறுமும், சூடாகும், மோட்டார் ஆயுள் குறையும். கன்ட்ரோலருக்கும் அதே லைனிலிருந்தே கரண்ட் கொடுக்க வேண்டும். பம்பை மட்டும் இன்வெர்ட்டரில் போட்டுவிட்டு கன்ட்ரோலரை விட்டுவிடும் எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அப்போது பம்பை ஓடச் சொல்ல யாருமில்லை.

மாலதி, ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்: மத்தியானம் கரண்ட் திரும்பி வந்தும் பம்பு ஓடவே இல்லை. எரிந்துவிட்டதா?

அவசரப்பட்டு மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். தகட்டுச் சூடு ஒரு அளவைத் தாண்டினால் பல கன்ட்ரோலர்கள் பம்பை வேண்டுமென்றே நிறுத்திவைக்கும். கொதிக்கும் குழாயில் குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தால் கண்ணாடி விரிசல் விடலாம் அல்லவா, அதற்காக. சாயங்காலம் தகடு ஆறியதும் தானே ஓடும். மறுநாளும் ஓடவில்லை என்றால் சூட்டை அளக்கும் சென்சாரைப் பாருங்கள்.

ஜோசப், விவேக் நகர்: அமெரிக்காவில் இருக்கும் மகன் உறைதடுப்புத் திரவம் ஊற்றச் சொல்கிறான். வேண்டுமா?

வேண்டாம், சார். அவன் ஊரில் பனியில் குழாய் வெடிக்கும், அதனால் சொல்கிறான். பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 1884 ஜனவரியில் 7.8 டிகிரி. நமக்கு எதிரி வெயில்தான்.

சேகர் (மறுபடியும்): பேட்டரியே இல்லாமல் முடியாதா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடே அதுதான். டி.சி. பம்பு ஒன்று, அதற்கு ஏற்ற சின்ன சோலார் பேனல் ஒன்று, அவ்வளவுதான். வெயில் அடிக்கும்போது பம்பு ஓடும், மேகம் மூடினால் மெதுவாகும். தகடு சூடாவதும் அந்த வெயிலில்தானே. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. ஆனால் உங்கள் குழாயின் உயரத்துக்கும் நீளத்துக்கும் அந்தப் பம்பு தள்ளுமா என்று முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். டேங்க் சூடு வரம்பு தாண்டினால் நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட்டும் வேண்டும்.

தேவி, எலெக்ட்ரானிக் சிட்டி: டேங்குக்குள் இருக்கும், கரண்டில் தண்ணீரைச் சூடாக்கும் 2 கிலோவாட் காயிலையும் இன்வெர்ட்டரில் போடலாமா?

கூடவே கூடாது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது பெஸ்காம் லைனிலேயே இருக்கட்டும். அப்புறம், பம்பை இன்வெர்ட்டருக்கு மாற்றும்போது நியூட்ரலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஃபேஸ் ஒரு லைனிலும் நியூட்ரல் இன்னொரு லைனிலும் போனால், மின்கசிவு என்று நினைத்து லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஓயாமல் விழும்.