காயீன் வம்சம் வெள்ளத்துல தப்பிச்சது எப்படி?

கேள்வி: அண்ணே, நான் எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கேன். பெயோவுல்ஃப்ங்குற பழைய இங்கிலீஷ் காவியத்துல வாற கிரெண்டல்ங்குற அரக்கன் காயீன் வம்சம்னு இருக்கு. ஆனா நோவா காலத்து வெள்ளத்துல அந்த வம்சமே அழிஞ்சிருக்கணும்லா? சண்டே ஸ்கூல்ல படிச்சதோட ஒத்துப்போகலையே?
- வாசகி, கருங்கல்

பதில்: தங்கச்சி, இது அந்தப் பாட்டுக்குள்ளயே இருக்குற முடிச்சு. பைபிள்ல ஆதியாகமம் 4ல காயீன் தம்பி ஆபேலைக் கொன்னுட்டு நாடோடியா போறான், அரக்கங்களைப் பெத்தான்னு அங்க ஒரு வார்த்தை கிடையாது. 6ஆம் அதிகாரத்துலதான் இராட்சதர் வாறாங்க, தேவகுமாரர் கட்டிக்கிட்ட மனுஷ குமாரத்திகள் காயீன் வழிப் பொண்ணுங்கதான்னு பழைய சபைப் பிதாக்கள் சிலபேரு விளக்கம் சொன்னாங்க, அந்தப் பொண்ணுங்க பெத்த பிள்ளைங்கன்னு இராட்சதரும் காயீன் கணக்குல வந்து சேந்தாங்க.

வெள்ளம் வந்தது கவிஞனுக்கும் தெரியும் பாத்துக்கோ. கிரெண்டலோட அம்மா இருந்த தண்ணிக்கடி குகையில கிடைச்ச வாளோட பிடியில, இராட்சத குலத்தை வெள்ளம் அழிச்ச கதையே செதுக்கியிருக்கு! அப்போ வெள்ளத்துக்குப் பொறவு கிரெண்டல் எப்படி மிஞ்சி வந்தான்னு பாட்டு சொல்லல. ஆனா கையெழுத்துப் பிரதியில ஒரு தடயம் உண்டு. கி.பி. 1000 வாக்குல எழுதுன ஒரே ஒரு பிரதிதான் நமக்கு மிஞ்சியிருக்கு, 1731ல தீ விபத்துல ஓரம் கருகி, இப்போ லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு. அதுல 107ஆம் வரியில மொதல்ல 'காம்'னு எழுதி, பொறவு சுரண்டி காயீன்னு திருத்தியிருக்காங்க. காம் யாரு? நோவா மகன், பேழையில ஏறித் தப்பிச்சவன். காயீனோட சாபம் காமுக்கு வந்துச்சு, அவன் வழியா அரக்கங்க பொறந்தாங்கன்னு பழைய அயர்லாந்து ஏடுகள்லயும் இருக்கு.

எனக்கு இதைவிட முக்கியமா படுறது வேற. நம்ம ஊரு கொடையில வில்லுப்பாட்டுல இசக்கி கதை சொன்னா, அவ பொறப்பும் அவளைக் கொன்ன துரோகமும் சொல்லாம கோவத்துக்கு வரமாட்டாங்க, ஏன்னா அந்தக் கோவத்துக்கு வேரு அங்கதான் கிடக்கு. கிரெண்டலுக்கும் காயீன் பேரு அந்த மாதிரி, உடம்பு வழி வந்த ரத்தத்தைவிட சகோதரக் கொலைதான் அவனோட வேரு. கிரெண்டல் வந்து தாக்குற அரண்மனைக்குள்ளயே ராஜா காலடியில உக்காந்திருக்குற உன்ஃபெர்த்ங்குறவனைப் பாத்து, நீ உன் கூடப்பொறந்தவங்களைக் கொன்னவன்லான்னு கிரெண்டலோட சண்டை போட வந்த வீரன் பெயோவுல்ஃப் எல்லார் முன்னாடியும் சொல்றான். காயீன் வேலை செஞ்சவன் ஒருத்தன் உள்ள விருந்து சாப்பிடுறான், காயீன் வம்சம் வெளிய இருட்டுல நிக்குது. பரீட்சைக்கு எழுதும்போது 102லருந்து 114 வரை உள்ள வரிகளையும் 587ஆம் வரியையும் சேத்து வச்சு வாசி.