அக்கி எழுதப் போறதுக்கு முன்னாடி அந்த மாத்திரையை ஆரம்பிச்சிடுங்க

ஒரு வாசகி கேட்டிருக்காங்க. மாமியாருக்கு 62 வயசு, ரொம்ப வருஷமா சுகர் இருக்கு. மூணு நாலு நாளா வலது பக்கம் முதுகுலேர்ந்து மார்பு வரைக்கும் ஒரே எரிச்சல், ஜாக்கெட் துணி உரசினாலே துடிக்கிறாங்களாம். வாய்வோ ஹார்ட்டோன்னு பயந்து ஈசிஜி எடுத்ததுல நார்மல். நேத்து காலைல பார்த்தா அதே இடத்துல சிவந்து கொத்துக்கொத்தா கொப்புளம். டாக்டர் அசைக்ளோவிர் 800 மி.கி. ஒரு நாளைக்கு அஞ்சு வேளைன்னு எழுதியிருக்கார், ஆனா சொந்தக்காரங்க "இது அக்கி, மாத்திரை போட்டா உள்ளயே அமுங்கிடும், குயவர் கிட்ட எழுதிக்கிட்டா போதும்"னு தடுக்கறாங்க. வீட்டுல மாசமா இருக்கற நாத்தனாரும் இருக்காங்க, என்ன பண்றதுன்னு கேள்வி.

முதல்ல இன்னிக்கே மாத்திரையை ஆரம்பிங்க, மீதிய அப்புறமா படிச்சுக்கலாம்.

நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா அக்கிதான். சின்ன வயசுல சின்னம்மை போட்டு இறங்கினதும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போறதில்ல, முதுகுத்தண்டு பக்கத்துல இருக்கற நரம்பு முடிச்சுகள்ல பல வருஷம் தூங்கிட்டு இருக்கும். வயசாகி எதிர்ப்பு சக்தி குறையும்போதோ, சுகர், கேன்சர் சிகிச்சை, ரொம்ப நாளா சாப்பிடற ஸ்டீராய்டு இதெல்லாம் இருக்கும்போதோ முழிச்சுக்கிட்டு ஒரு நரம்பு வழியா தோலுக்கு வரும். அதனாலதான் முதல்ல வலி, சில நாள் கழிச்சு கொப்புளம், அதுவும் ஒரே பக்கமா பட்டை மாதிரி, நடுக்கோட்டைத் தாண்டாம நிக்கும். இந்த ஒரு பக்க விஷயம்தான் பெரிய அடையாளம். கொப்புளம் வர்ற வரைக்கும் டாக்டருக்கே இது தெரியாமப் போகலாம், அதனால ஈசிஜி எடுத்தது சரியான வேலைதான்.

இப்ப மாத்திரை. அசைக்ளோவிர் வைரஸ் தன்னைத்தானே நகல் எடுக்கறதைத் தடுக்குது, ஏற்கனவே நரம்புல ஆன சேதத்தை அது திருப்பாது. அதான் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்னு இவ்வளவு வற்புறுத்தறோம். உங்களுக்கு ஒரு நாள் ஏற்கனவே போயிடுச்சு. 72 மணி தாண்டினவங்களும் சும்மா விடாதீங்க, புதுசா கொப்புளம் கிளம்பிட்டு இருந்தாலோ முகத்துல வந்திருந்தாலோ அப்பவும் கொடுப்போம். காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10னு போன்ல அலாரம் வச்சு 7 நாள் முழுசா கொடுங்க. அஞ்சு வேளை கஷ்டமா இருந்தா வாலாசைக்ளோவிர் 1000 மி.கி. மூணு வேளைன்னு இருக்கு, விலை கொஞ்சம் கூட, டாக்டர் கிட்ட கேட்டு மாத்திக்கலாம். ஒண்ணு ரொம்ப முக்கியம், சுகர் இருக்கறதால கிரியேட்டினின் டெஸ்ட் பண்ணிடுங்க, கிட்னி வேலை குறைஞ்சிருந்தா இந்த மருந்தோட டோஸைக் குறைக்கணும், இல்லன்னா வயசானவங்களுக்கு குழப்பமா பேசறது, தடுமாறுறதெல்லாம் வரும். டாக்டர் தண்ணி அளவு கட்டுப்படுத்தலன்னா நல்லா தண்ணி குடிக்கணும். அசைக்ளோவிர் ஆயின்ட்மென்ட் மட்டும் தடவிட்டு இருக்கறது அக்கிக்குப் பத்தாது.

அக்கி எழுதறவங்க மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. காவி மண்ணைக் குழைச்சு பூசும்போது குளிர்ச்சியா இருக்கும், மனசுக்கும் ஆறுதல். கொப்புளம் ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலும் தானாவே காய்ஞ்சிடும், அதைப் பார்த்துத்தான் எழுதினதுல போச்சுன்னு நம்பறாங்க. ஆனா உடைஞ்ச புண்ணுல மண் பட்டா சீழ் பிடிக்கும், சுகர்காரங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். மாத்திரையால அமுங்கறதும் கிடையாது. எனக்குப் பயம் புண்ணைப் பத்தி இல்ல, பின்னாடி வர்ற நரம்பு வலியைப் பத்திதான். தோல் ஆறினப்புறமும் மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல எரிச்சல் நிக்கும், வயசு கூடக் கூட அது வர்ற வாய்ப்பும் கூடும், ராத்திரி தூங்க முடியாம உட்கார்ந்திருக்கற பெரியவங்களைப் பார்க்கவே மனசு தாங்காது. மாத்திரை போட்டா அது வரவே வராதுன்னு உறுதி கொடுக்க முடியாது, ஆனா புண் சீக்கிரம் காயும், இப்ப இருக்கற வலி தணியும். பாரசிட்டமால் போட்டும் வலி அடங்கலன்னா பொறுத்துக்கச் சொல்லாதீங்க, பிரிகாபலின் மாதிரி நரம்பு வலி மருந்து டாக்டர் தருவார். கடையில நீங்களா வலி மாத்திரை வாங்காதீங்க, சில மாத்திரை கிட்னியைப் பாதிக்கும்.

நாத்தனார் விஷயம். அவங்களுக்கு ஏற்கனவே சின்னம்மை வந்திருந்தாலோ அதுக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலோ பெருசா பயப்பட வேண்டாம். ரெண்டும் இல்லன்னா கொப்புளத் தண்ணி பட்டு அவங்களுக்கு சின்னம்மை வரலாம், அதனால இன்னிக்கே அவங்க டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்லுங்க, ரத்த டெஸ்ட்ல எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பார்த்துடலாம், இல்லன்னா இம்யூனோகுளோபுலின்னு ஒரு ஊசி (இது தடுப்பூசி இல்ல, தயாரா இருக்கற எதிர்ப்பு சக்தியைக் கொடுக்கற ஊசி) போடறதுக்கும் நாள் கணக்கு உண்டு. மாமியார் புண்ணைச் சுத்தமான துணியால மூடி வைக்கட்டும், டவல், படுக்கை தனியா இருக்கட்டும், எல்லாம் பொருக்கு தட்டற வரைக்கும்.

இதைப் படிக்கற மத்தவங்களுக்கும் சொல்றேன், நெத்தியிலயோ மூக்கு நுனியிலயோ கொப்புளம் வந்தா அன்னிக்கே கண் டாக்டர், பார்வையே போகக்கூடிய இடம் அது. காதுல வந்து வாய் கோணினாலும் அன்னிக்கே டாக்டர் கிட்ட போயிடுங்க, ஒரு ராத்திரி கூடத் தள்ளிப் போடாதீங்க. வயசுப் பசங்களுக்கு காரணமே இல்லாம அக்கி பரவலா வந்தா எச்ஐவி டெஸ்ட் எடுக்கச் சொல்வோம், அதுக்குக் கூச்சப்பட வேண்டாம்.

மாமியாருக்கு எல்லாம் ஆறினப்புறம் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி பத்திக் கேளுங்க, 2023லேர்ந்து நம்ம நாட்டுலயும் கிடைக்குது, 50 வயசு தாண்டினவங்களுக்கு ரெண்டு டோஸ், ரெண்டுலேர்ந்து ஆறு மாச இடைவெளில. விலை கையைக் கடிக்கும், ஆனா அக்கி ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடி வராதுன்னு சொல்ல முடியாது, மாமனாருக்கும் 50 தாண்டியிருக்கும்ல, சேர்த்தே கேட்டுடுங்க.