வாசகர் கேள்வி: குடியை நிறுத்தும் முதல் வாரமும் அதற்குப் பிறகும்

குடி, போதைப் பழக்கம் பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

என் கணவர் பல வருடமாகத் தினமும் அரை பாட்டில் குடிப்பவர். போன வாரம் தானாகவே நிறுத்தினார். மறுநாள் கை நடுக்கம், வாந்தி. இரண்டாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார். பயந்துபோய் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தோம், அடங்கிவிட்டது. இப்படியே அளவைக் குறைத்துக்கொண்டு வரலாமா?

கொடுத்ததும் அடங்கியது என்பதே அவர் உடல் மதுவுக்குப் பழகிவிட்டது என்பதற்கு அடையாளம். மது மூளையை மந்தப்படுத்தும். தினமும் குடிக்கும்போது அதை ஈடுகட்ட மூளை தன்னை முடுக்கிவிட்டே பழகிக்கொள்கிறது. மது சட்டென்று நின்றால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதனால் வருபவைதான்.

இதற்கு ஒரு கால ஒழுங்கு உண்டு. கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுங்கும், குமட்டும், தூக்கம் போகும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும் நிலை வரும், உயிரைப் பறிக்கக்கூடியது அதுதான். வீட்டில் சோதிக்க எளிய வழி: இன்று என்ன கிழமை, இது எந்த இடம், நான் யார் என்று கேளுங்கள். பூச்சி தெரிகிறது என்றாலும் மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பதில் குழறினால், காய்ச்சல் அடித்தால், நாடி தாறுமாறாக ஓடினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள்.

வீட்டில் ஊற்றிக் குறைப்பது காகிதத்தில் சரியாகத்தான் தெரியும். அளவு பார்த்து ஊற்றுவது நீங்கள், கெஞ்சுவது அவர். மூன்றாம் நாள் அந்த அளவு நிற்காது. மருத்துவமனையில் குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம் மாத்திரையைத் தேவையான அளவில் தொடங்கி, 5 முதல் 7 நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம். கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. குடிப்பவர் துவண்டு கிடந்தால் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றிவிட்டு அனுப்புவது இன்னும் நடக்கிறது. தயமின் வற்றிய உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் இருப்பதும் தீர்ந்து, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம். ‘தயமின் போட்டாயிற்றா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

முன்பு வலிப்பு வந்தவர்கள், காலையில் எழுந்ததுமே குடித்தால்தான் கை நிற்கும் என்பவர்கள், வேறு நோய் உள்ளவர்கள் வீட்டில் நிறுத்த முயலவே கூடாது. உங்கள் கணவருக்கு ஒருமுறை மாயத்தோற்றம் வந்துவிட்டது. அடுத்த முறை மருத்துவமனையில் சேர்த்தே நிறுத்துங்கள்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை இருக்கிறதாமே? அண்ணனுக்குக் கொடுக்கலாம் என்று அம்மா கேட்கிறார்.

கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நீங்கள் சொல்வது டைசல்பிராம் ஆக இருக்கலாம். அது குடியை வெறுக்க வைப்பதில்லை, குடிக்கும் ஆசையையும் குறைப்பதில்லை. மது உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு அதுவும் சிதைந்து வெளியேறும். அந்த இரண்டாம் படியை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. மேலே குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். உள்ளே மருந்து இருப்பது தெரியாதவர் வழக்கம்போல் முழு அளவு குடிப்பார். இதயம் பலவீனமாக இருந்தால் உயிரே போகலாம். மருத்துவரிடம் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லவும் அவருக்குத் தெரியாது.

தெரிந்து, சம்மதித்து எடுப்பவருக்கு இது நல்ல மருந்துதான். கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் கழித்துத் தொடங்க வேண்டும். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் உடம்பில் இருக்கலாம். சில இருமல் மருந்துகளிலும் வாய் கொப்பளிக்கும் திரவங்களிலும் ஆல்கஹால் இருக்கிறது, லேபிளைப் பாருங்கள். தினமும் காலையில் வீட்டில் ஒருவர் முன்னால் விழுங்குவது என்று அண்ணனே ஒத்துக்கொண்டால் பலன் கூடும்.

ஆசையைத் தணிக்க வேறு மருந்துகள் உண்டு. நால்ட்ரெக்சோன் தினம் 50 மில்லிகிராம். ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும்) வகை வலி மாத்திரை எடுப்பவருக்கு இது ஆகாது. அகாம்ப்ரோசேட் 333 மில்லிகிராம் மாத்திரை வேளைக்கு இரண்டாக மூன்று வேளை. இது சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் அதன் செயல்பாட்டைப் பார்த்துத்தான் தருவார்கள்.

நான் பீர் மட்டும்தான், இரவில் இரண்டு பெரிய பாட்டில். இதுவும் குடிப்பழக்கத்தில் சேர்த்தியா?

கணக்குப் போடுங்கள். மில்லிலிட்டர் × சதவீதம் × 0.79 ÷ 100. 5 சதவீத பீர் 650 மில்லியில் கிட்டத்தட்ட 26 கிராம் தூய ஆல்கஹால், இரண்டு பாட்டிலில் 52. அதே கணக்கில் 40 சதவீத விஸ்கி 60 மில்லியில் 19 கிராம். ஆக, நீங்கள் தினமும் மூன்று லார்ஜுக்குச் சற்றுக் குறைவாக அடிக்கிறீர்கள். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் சுத்தப்படுத்தும், விடியும்போதும் வேலை முடியாமல் இருக்கலாம். ஸ்ட்ராங் பீர் என்றால் இன்னும் கூடும். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற 10 கேள்விப் பட்டியல் இருக்கிறது, 8 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

மகன் ஹெராயினிலிருந்து மீண்டுவந்தான். இப்போது நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதுதானே இது?

அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் இரண்டும் வேறு. ஹெராயின் சட்டென ஏறி, சில மணி நேரத்தில் இறங்கி, அடுத்த ஊசிக்கு அலைய வைக்கும். புப்ரெனார்பின் மெதுவாக ஏறி நீண்ட நேரம் நிற்கும், ஒரு அளவுக்கு மேல் போதையும் ஏறாது. ஆசை அடங்கியவன் வேலைக்குப் போகலாம். மாத்திரை நாக்கின் அடியிலேயே கரைய வேண்டும், விழுங்கினால் பெரும்பகுதி வீண். ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே தொடங்கினால் விடுபடும் அவஸ்தை ஒரேயடியாகக் கிளம்பும். அதனால்தான் முதல் நாள் நடுக்கமும் கொட்டாவியும் மூக்கொழுகலும் வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள்.

‘போதும், ஆறு மாதமாயிற்று’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியபின் பழைய பழக்கம் திரும்புவது அதிகம். அப்போது உடம்பின் தாங்கும் சக்தி போயிருக்கும், மகனின் கை மட்டும் பழைய அளவையே எடுக்கும். சிகிச்சை முடிந்த முதல் வாரங்களில் நடக்கும் சாவுகளில் பல இப்படி வருபவை. கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பாய்ந்தால் அது அளவு மீறியதன் அறிகுறி. உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நாலக்சோன் அதற்கான மாற்று மருந்து, மருத்துவரிடம் கேட்டு வீட்டில் வைத்திருப்பது நல்லது. புப்ரெனார்பினோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேரவே கூடாது.

குடியை விட்டு மூன்று வாரம். உடம்பு நன்றாக இருக்கிறது, தூக்கம் மட்டும் இல்லை. தூக்க மாத்திரை போடலாமா?

நீங்களாகப் போடாதீர்கள். அவற்றில் பல மது தொடும் அதே நரம்புப் பாதையைத் தொடுபவை, பழக்கம் இடம் மாறிவிடும். இந்தத் தூக்கமின்மை சில வாரம், சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்துப் பின் தேறும். பகலில் படுக்காமல், இரவு எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள், மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். நடு இரவில் குடிக்கத் தோன்றினால் படுக்கையில் கிடந்து போராடாதீர்கள். எழுந்து விளக்கைப் போட்டு அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். பெரும்பாலும் அந்த ஆசை அதற்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். ஒரு மாதம் கழித்தும் தூக்கம் திரும்பாவிட்டால், சிகிச்சை தந்த மருத்துவரிடமே போய்ச் சொல்லுங்கள். மனச்சோர்வு கூட இருக்கிறதா என்றும் அவர் பார்ப்பார்.