லூசிட்டானியா கப்பலில் ஐரிஷ்காரர்கள் இருந்தார்களா?

நிறையவே இருந்தார்கள். ஆனால் பட்டியலில் தேடினால் சட்டென்று தட்டுப்பட மாட்டார்கள். அன்று அயர்லாந்து முழுவதும் பிரிட்டனோடு சேர்ந்திருந்ததால், எல்லோரும் ‘பிரிட்டிஷ்’ கணக்கில் போய்விட்டார்கள்.

1915 மே 7, முதல் உலகப் போர் சமயம். நியூயார்க்கிலிருந்து லிவர்பூல் போன கப்பலை, ஜெர்மனியின் யூ-20 நீர்மூழ்கி அயர்லாந்தின் தென்கரையில் உள்ள கின்சேல் முனைக்கு அருகே டார்பிடோவால் அடித்தது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரம். 18 நிமிடத்தில் கப்பல் உள்ளே போய்விட்டது. இறந்தவர்கள் ஏறக்குறைய 1,200 பேர். அவர்களில் 128 அமெரிக்கர்கள் இருந்ததால் நம் பள்ளிப் பாடத்தில் அமெரிக்கா மட்டும் நின்றுவிட்டது.

கீழ்த்தளத்தில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களில் பலர் லிவர்பூல் ஐரிஷ்காரர்கள். 1840களின் பஞ்சத்தில் அந்தத் துறைமுகத்துக்குப் பிழைக்க வந்த குடும்பங்களின் வாரிசுகள். ஊர் லிவர்பூல் என்று பதிவானதால் இவர்களும் எண்ணிக்கையில் கரைந்துபோனார்கள்.

பயணிகளில் பெயர் தெரிந்தவர் சர் ஹ்யூ லேன். கார்க் மாவட்டத்தில் பிறந்தவர், அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்தின் இயக்குநர். பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் ‘குடைகள்’ உட்பட 39 ஓவியங்களை முதலில் லண்டனுக்கு எழுதி வைத்திருந்தார். அப்புறம் மனசு மாறி, டப்ளினுக்கே என்று உயிலில் ஓர் இணைப்பு எழுதினார். கையெழுத்தும் போட்டார். சாட்சிக் கையெழுத்து மட்டும் வாங்கவில்லை! நம்மூர்ப் பத்திர எழுத்தரிடம் போயிருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். லேனின் உடல் கிடைக்கவேயில்லை. சட்டப்படி இணைப்பு செல்லாது என்று லண்டன் படங்களை வைத்துக்கொண்டது.

நான் கார்க்கில் வேலை பார்க்கிறேன். கோவ் ஊருக்கு ரயிலில் 25 நிமிடம்தான். அன்று அதன் பெயர் குயின்ஸ்டவுன். உயிரோடு மீட்டவர்களையும் உடல்களையும் பெரும்பாலும் அங்கேதான் இறக்கினார்கள். ஊருக்கு வெளியே பழைய கல்லறைத் தோட்டத்தில் மூன்று பெரிய குழிகள். இப்போது மேலே புல்தான். ஊர்ச் சதுக்கத்தில் உள்ள நினைவுச் சின்னத்தில் ஒரு தேவதை, அதன் கீழே துக்கத்தில் நிற்கும் இரண்டு மீனவர்கள். எனக்கு அந்த மீனவர்கள்தான் பிடித்தது. அன்று காற்றில்லாததால் கோர்ட்மாக்ஷெரி என்ற கடலோர ஊரின் மீட்புப் படகை ஆட்கள் கையாலேயே துடுப்புப் போட்டுக் கொண்டுபோனார்கள்; போய்ச் சேர்ந்தபோது மிதந்தவை உடல்கள்தான்.

சரி, ஓவியங்கள்? 1959இல்தான் இரண்டு ஊரும் பங்கு போட்டுக்கொள்ள ஒத்துக்கொண்டன. அவற்றில் சில இன்றும் டப்ளினுக்கும் லண்டனுக்கும் மாறி மாறிக் கடல் தாண்டிக்கொண்டிருக்கின்றன.