தங்க ஸ்புரூஸ் கோடையில் பச்சையாகிவிட்டதே, மரத்துக்கு நோயா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "போன இலையுதிர்காலத்தில் 'தங்க ஸ்புரூஸ்' என்று ஓர் ஊசியிலை மரம் வாங்கி நட்டேன். வசந்தத்தில் புதுத் தளிரெல்லாம் பொன் மஞ்சளாக வந்தது. கோடை நடுவில் பார்த்தால் முழு மரமும் பச்சை. இரும்புச்சத்துக் குறைவு என்று சொல்லி, விற்றவர் ஒரு பொடியைத் தந்திருக்கிறார். போடலாமா?"

போடாதீர்கள். மரம் நன்றாகத்தான் இருக்கிறது.

உங்களிடம் இருப்பது அநேகமாக ஓரியண்டல் ஸ்புரூஸில் 'ஆரீயா' என்ற வகை. காக்கசஸ் மலைப்பகுதியும் வடகிழக்குத் துருக்கியும் இதன் பூர்விகம். ஊசியிலை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, நுனி குத்தாது. இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், தட்டையாக இல்லாமல் நான்கு பக்கம் இருப்பதால் எளிதாக உருளும். இந்த வகையில் இளந்தளிரில் பச்சையம் குறைவு, அதனால்தான் மஞ்சள். சில வாரங்களில் பச்சையம் ஏறிவிடும். அடுத்த வசந்தத்தில் மறுபடி பொன் தளிர் வரும்.

வருடம் முழுக்க மஞ்சள் வேண்டுமென்றால் 'ஸ்கைலேண்ட்ஸ்' என்ற வகையைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அதிலும் வெயில் படும் பக்கம்தான் மஞ்சள், உள்பக்கம் பச்சை. சின்ன வயதில் உச்சி வெயிலில் கருகும், நிழலில் வைத்தால் நிறம் மங்கும். காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும் இடம்தான் அதற்குச் சரி.

இதை உங்களுக்கு வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா? செடியில் தொங்கும் சீட்டில் 'தங்க ஸ்புரூஸ்' என்று மட்டும் இருக்கும், படம் வசந்தத்தில் எடுத்ததாக இருக்கும். வகையின் பெயரைச் சேர்க்க ஒரே ஒரு வரி போதும். கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் காட்டுவார், அவர் வளர்த்தவரைக் காட்டுவார். உயரத்திலும் இதே கதைதான். சீட்டில் பத்து வருட உயரத்தைப் போட்டுவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மரம் அதோடு நிற்குமா? காட்டில் இந்த இனம் 30 மீட்டரையும் தாண்டும். சுவர் ஓரமாக நட்டிருந்தால், சின்னதாக இருக்கும்போதே இடம் மாற்றுங்கள். வகையின் பெயர் இல்லாத செடியை வாங்கவே வாங்காதீர்கள்.

அந்தப் பொடி விஷயத்துக்கு வருகிறேன். இரும்புச்சத்து இலையைப் பச்சையாக்கத்தான் உதவும். மஞ்சளைத் திருப்பிக் கொண்டுவர இரும்பு கொடுப்பது தலைகீழ் வைத்தியம். செடி விற்கும் கையே மருந்தும் விற்கும்போது, செடிக்கு ஏதாவது ஒரு நோய் கட்டாயம் கண்டுபிடிக்கப்படும். இந்த மரத்துக்குப் பெரிதாக உரமே வேண்டாம். தண்ணீர் தேங்காத, லேசான அமிலத்தன்மையுள்ள மண் போதும். வேர் மேலாகவே ஓடுவதால் முதல் இரண்டு மூன்று கோடைகளில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். மரப்பட்டை மூடாக்கு போடலாம், அடித்தண்டைத் தொடாமல்.

ஒரே ஒரு பச்சையைப் பற்றி மட்டும் நீங்கள் கவலைப்பட வேண்டும். இது பெரும்பாலும் ஒட்டுச்செடி, அதாவது வேறொரு செடியின் (வேர்ச்செடி) வேரில் இந்த வகையின் கிளையை ஒட்டி வளர்த்தது. வசந்தத்தில் மற்ற எல்லாக் கிளையும் மஞ்சளாகத் தளிர்க்கும்போது, ஒரு கிளை மட்டும் முதல் நாளிலிருந்தே பச்சையாக, கூடுதல் வேகத்தோடு வந்தால் அது வேறு ஆள். ஒட்டுக்குக் கீழே கிளம்பியிருந்தால் அது வேர்ச்செடியின் கிளை. மேலே இருந்தால் பழைய பச்சைக் குணத்துக்குத் திரும்பிய கிளை. எதுவானாலும் விட்டுவைத்தால் பச்சைதான் ஜெயிக்கும், அதற்குத்தான் பச்சையம் அதிகம். கோடையில் தேடினால் பிடிபடாது, அப்போது எல்லாமே பச்சை. வசந்தத்திலேயே பார்த்து ஒரு நூல் கட்டி வையுங்கள். பிறகு அது கிளம்பும் இடத்திலேயே வெட்டுங்கள், பாதியில் நறுக்கினால் மிச்சத்திலிருந்து மறுபடி தளிர்க்கும். தண்டின் பட்டையைக் கீறிவிடாதீர்கள். ஆனால் 'வடிவம் பிடிக்கிறேன்' என்று மற்ற கிளைகளை இலையில்லாத பழைய மரம் வரை வெட்டிவிட வேண்டாம், அந்த இடத்தில் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது.

ஊசியிலைகள் பச்சையாக இல்லாமல் பழுப்பேறி, நுண்ணிய வலையோடு மங்கித் தெரிந்தால் அது சிலந்திப்பேன். கிளைக்கு அடியில் வெள்ளைக் காகிதம் பிடித்துத் தட்டினால் புள்ளிகள் ஊரும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். பொடியைப் பிரிக்கவில்லை என்றால் அதைத் திருப்பிக் கொடுத்து, உங்கள் மரத்தின் வகைப் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.