உலோகம் தாவித் தாவித்தான் வளைகிறது: கேள்வி பதில்

கேள்வி (இயந்திரவியல் மாணவி): சார், எங்கள் லேபில் செம்புக் கம்பியை இழுத்துப் பார்த்தோம். கிராஃபில் கோடு வழவழவென்று வந்தது. உலோகம் விட்டு விட்டுத்தான் உருமாறுகிறது என்கிறீர்களே, எங்கள் கிராஃப் தப்பா?

பதில்: தப்பில்லை அம்மா. உங்கள் கம்பி பெரியது, அவ்வளவுதான். அதற்குள் எண்ணற்ற குட்டிப் படிகங்கள் (அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட துண்டுகள்) தனித்தனியாகத் தாவுகின்றன. மெஷின் காட்டுவது அவற்றின் கூட்டுத்தொகை. 2006-ல் ஆய்வாளர் டெனிஸ் டிமிடுக் குழுவினர் முடியைவிட மெல்லிய நிக்கல் தூண்களை ஒற்றைப் படிகத்தில் செதுக்கி நசுக்கினார்கள். வந்த கோடு படிக்கட்டு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அசைவே இல்லை, திடீரென்று ஒரு சரிவு, மறுபடி அமைதி.

கேள்வி: எதனால் தாவுகிறது? அணுக்கள் மெல்ல மெல்ல நகர வேண்டியதுதானே?

பதில்: அணு அடுக்குகள் மொத்தமாக ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதில்லை. அப்படி வழுக்க வைக்க எவ்வளவு விசை வேண்டும் என்று 1926-ல் இயற்பியலாளர் ஃபிரெங்கல் கணக்குப் போட்டார். நிஜ உலோகப் படிகமோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விசையிலேயே வளைந்துவிடுகிறது. 1934-ல் டெய்லர், ஓரோவான், போலான்யி மூவரும் தனித்தனியே விடை சொன்னார்கள். படிகத்தின் அடுக்கில் டிஸ்லொகேஷன் என்ற கோடு போன்ற பிசகு இருக்கிறது, நகர்வது அதுதான். ஜமுக்காளத்தை அப்படியே இழுக்காமல், ஒரு சுருக்கத்தை உண்டாக்கி அதை மறுமுனைக்குத் தள்ளுவது போல.

சரி, தாவல் எங்கே வருகிறது? அடித்து உருட்டிக் கெட்டிப்படுத்திய செம்பில் ஒரு கன மில்லிமீட்டரை எடுத்தால், அதற்குள் இந்தக் கோடுகளின் மொத்த நீளம் சுமார் 1,000 கிலோமீட்டர் இருக்கும்! அத்தனையும் ஒன்றோடொன்று சிக்கி நிற்கின்றன. ஒன்றின் அழுத்தம் பக்கத்தில் இருப்பதையும் தொடுகிறது. விசை ஏற ஏற, எங்கோ ஒரு முடிச்சு அவிழும். அது பக்கத்து முடிச்சை அவிழ்க்கும், அப்புறம் அதற்கடுத்தது. சிலசமயம் இரண்டோடு நின்றுவிடும், சிலசமயம் படிகம் முழுக்க ஓடும். இந்தத் தொடர் ஓட்டத்தைத்தான் சரிவு என்கிறோம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): இதை நிலநடுக்கத்தோடு ஒப்பிடுகிறார்களே, பொருந்துமா?

பதில்: நன்றாகவே பொருந்தும். நிலநடுக்கத்தில் ரிக்டர் அளவு ஒன்று குறைந்தால் எண்ணிக்கை ஏறத்தாழ 10 மடங்கு கூடும். இந்தச் சரிவுகளிலும் சிறியவை ஏராளம், பெரியவை அபூர்வம், 'வழக்கமான அளவு' என்று ஒன்று கிடையாது. 2001-ல் மிகேல், ஜப்பேரி, வைஸ் முதலானோர் பனிக்கட்டிப் படிகத்தை அழுத்தி, உள்ளே எழும் மீயொலியை (காதுக்கு எட்டாத ஒலியை) கருவியில் பதிவு செய்து இதைக் காட்டினார்கள். உலோகத்தை விட்டு ஏன் பனிக்கட்டி? அது கண்ணாடி மாதிரி தெளிவானது. உள்ளே விரிசல் விட்டால் கண்ணுக்கே தெரிந்துவிடும். அதனால் பதிவான சத்தம் விரிசலுடையது அல்ல என்று உறுதி செய்ய முடிந்தது.

கேள்வி: எல்லா உலோகமும் ஒரே மாதிரிதானா?

பதில்: இல்லை. துத்தநாகமும் காட்மியமும் பனிக்கட்டியைப் போல முரட்டுத்தனமாகத் தாவும். துத்தநாகப் படிகம் இப்படி நீள்வதை 1932-லேயே பெக்கரும் ஓரோவானும் பார்த்துவிட்டார்கள். செம்பும் அலுமினியமும் சாது. அவற்றில் பல திசைகளில் வழுக்குதளங்கள் (அணு அடுக்குகள் வழுக்கக்கூடிய தளங்கள்) குறுக்கிடுவதால், ஓடத் தொடங்கிய சரிவு சீக்கிரமே மாட்டிக்கொள்ளும். ஆனால் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குச் சிறிதாக்கினால் இந்தச் சாதுவும் மிரளும்.

கேள்வி: வெள்ளீயக் கட்டியை வளைத்தால் கீச்சிடுவது இதுதானா?

பதில்: அது இரட்டைப்படிகம் உருவாகும் சத்தம், அதாவது படிகத்தின் ஒரு பகுதி கண்ணாடி பிம்பம் போலச் சட்டென்று திரும்பிக்கொள்வது. திடீர் நிகழ்வுதான், ஆனால் வேறு வழிமுறை.

கேள்வி (பிரஸ் பட்டறை வைத்திருப்பவர்): அலுமினியம்-மெக்னீசியம் தகட்டை இழுத்தால் மேலே வரி வரியாகக் கோடு விழுகிறது. அதுவும் இந்தச் சரிவுதானா அண்ணே?

பதில்: உறவுக்காரர் என்று சொல்லலாம். அங்கே மெக்னீசிய அணுக்கள் ஓடிவந்து டிஸ்லொகேஷனைப் பிடித்துக்கொள்கின்றன. அது பிய்த்துக்கொண்டு ஓடும், மறுபடி பிடிபடும். போர்ட்டவென்–லெ ஷாட்லியே விளைவு என்று பெயர். குறிப்பிட்ட வேகமும் வெப்பமும் சேர்ந்தால்தான் வரும், அதனால் இழுக்கும் வேகத்தை மாற்றிப் பாருங்கள். தகடு நீளத் தொடங்கும்போதே விழும் கோடுகளுக்கு வேறு காரணமும் உண்டு.

கேள்வி: பெரிய கம்பியில் தெரியவே தெரியாது என்றால், இதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: மைக்ரான் அளவு உதிரிபாகம் செய்கிறவர் கவலைப்பட்டே ஆக வேண்டும். அங்கே ஒரே சரிவு மொத்த வடிவத்தையும் மாற்றிவிடும். ஒரே உலோகத்தில், ஒரே அளவில் பத்துக் கம்பிகள் எடுத்து ஒரே விசையில் வளைத்தாலும், பத்தும் பத்துக் கோணத்தில் போய் நிற்கும்.